பொட்டலத்தின் பின்பக்கம்

படிப்பதற்கு முன்

• உங்கள் வீட்டில் உணவுப் பொருள்கள் வாங்கும்போது பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருப்பதைப் படிப்பவர் யார்?
• பார்லி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன?
• ஒருவர் ஓர் உணவை உண்ணாமல் இருப்பதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

வாசிப்புப் பகுதி

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் வாரத்தில் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், ஆறு வாரத்திற்குக் கையை அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதுவரை எங்கள் வீட்டுச் சமையல் முழுவதும் பாட்டியின் கையில்தான் இருந்தது. அம்மா தாதியாகப் பணிபுரிகிறார். அவருக்குப் பகல், இரவு என்று வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அப்பா பேருந்து ஓட்டுநர். அக்கா பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். எனக்கோ முட்டை வறுப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. எனவே, கீழ்த்தளக் காப்பிக்கடையிலிருந்து உணவு வாங்கி வந்து உண்ணத் தொடங்கினோம். எங்களுக்கு அது சிரமமாக இல்லை. பாட்டிக்குத்தான் சிரமம். அவர் சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டார். ஒரே வாணலியில் மீனும் காய்கறியும் வறுக்கும் கடையில் அவர் எப்படிச் சாப்பிடுவார்? நாள்தோறும் தயிர்ச்சோறும் ஊறுகாயும் போதும் என்றார். இரண்டு வாரத்தில் அவர் முகம் வாடிப்போனது.

“நானே ஏதாவது சமைக்கிறேன்” என்று ஒரு நாள் காலையில் அறிவித்தேன். அக்கா சிரித்தாள். பாட்டி சிரிக்கவில்லை. “என்ன செய்யப் போகிறாய், தம்பி?” என்று ஆர்வத்தோடு கேட்டார்.

பள்ளியில் உணவு, பயனீட்டாளர் கல்வி வகுப்பில் ‘கேசரோல்’ பற்றிப் படித்திருந்தோம். எங்கள் வீட்டில் சப்பாத்தியைச் சூடாக வைத்திருக்கும் மூடிபோட்ட பாத்திரத்தையும் கேசரோல் என்றுதான் சொல்வோம். ஆனால், பிரெஞ்சு மொழியில் கேசரோல் என்பது சமைக்கும் பாத்திரத்தின் பெயர். பாத்திரத்தின் பெயரே நாளடைவில் அதில் சமைக்கப்படும் உணவுக்கும் ஆகிவந்தது. வெந்த தானியம், காய்கறி, சாஸ் ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் கலந்து, மேலே பாலாடைக்கட்டியைத் தூவி, ஓவனில் வைத்துவிட்டால் போதும். அருகில் நின்று கிளறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. என்னைப்போன்ற புதியவருக்கு ஏற்ற சமையல் அது.

பழுப்பரிசியும் பார்லியும் சேர்த்துச் செய்யலாம் என்று முடிவு செய்தேன். “பார்லியா? அதைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள். சோறாகவும் உண்பார்களா?” என்று பாட்டி வியந்தார். பாத்திரத்திற்கு வழி இல்லை. பக்கத்து வீட்டு மக்சிக்கின் கதவைத் தட்டினேன். அவர் நோன்புப் பெருநாள் காலத்தில் வகைவகையான கேக்குகள் செய்து விற்பவர். கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைக் கொடுத்து, “பாலாடைக்கட்டி மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடு. கருகவிடாதே” என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை அரிசியும் பார்லியும் வெந்தன. காய்கறியை வதக்கினேன். சாஸ் கட்டிதட்டாமல் வந்தது. எல்லாவற்றையும் பாத்திரத்தில் கொட்டி, பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி, ஓவனுக்குள் வைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பத்து நிமிடத்தில் வீடு முழுவதும் மணம் பரவியது. பாட்டி தம் அறையிலிருந்து எழுந்து வந்து, சாப்பாட்டு மேசையில் அமர்ந்துகொண்டார். இரண்டு வாரத்திற்குப் பிறகு அவர் உணவுக்காகக் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பாத்திரத்தின் பிடி சூடாகுமே என்று தடித்த கையுறை ஒன்றை எடுத்துக்கொண்டு மக்சிக் வந்தார். சமையலறை மேடையில் கிடந்த பாலாடைக்கட்டிப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, வழக்கம்போலப் பின்பக்கம் திருப்பினார். எந்தப் பொருளாக இருந்தாலும் ஹலால் முத்திரையைத் தேடுவது அவருடைய பழக்கம்.

“முத்திரை இருக்கிறது. நான் சாப்பிடலாம்” என்றவர், கண்ணை இடுக்கிக்கொண்டு மேலும் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனால், உன் பாட்டி சாப்பிடுவாரா? இதில் விலங்கு ரென்னெட் என்று போட்டிருக்கிறது” என்றார்.

“ரென்னெட் என்றால் என்ன, மக்சிக்?”

“பாலை உறைய வைக்கச் சேர்ப்பது. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பார்கள். எல்லாப் பாலாடைக்கட்டியிலும் அப்படி இல்லை. இதில் இருக்கிறது.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பால், உப்பு என்று முன்பக்கத்தில் பார்த்ததும், பால்தானே, சைவம்தானே என்று எண்ணி வாங்கிவிட்டேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

மக்சிக் போன பிறகு அக்காவிடம் சொன்னேன். அவள் ஓவனையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். “கொஞ்சமே கொஞ்சம்தான் சேர்ப்பார்கள். பாட்டிக்குத் தெரியவா போகிறது? எத்தனை நாளாகக் காத்திருக்கிறார், பாவம். சாப்பிடட்டும்” என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாட்டி வயிறாரச் சாப்பிட வேண்டும் என்ற அக்கறையில்தான் சொன்னாள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஓவனின் கடிகாரத்தில் ஏழு நிமிடம் மீதமிருந்தது.

பாட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அதனால்தான் ரொட்டியோ பிஸ்கட்டோ எதை வாங்கி வந்தாலும் என்னிடம் நீட்டி, “இதில் என்னென்ன இருக்கிறது, தம்பி? படித்துச் சொல்” என்பார். நான் சொன்னால் நம்பிச் சாப்பிடுவார். ஒருமுறைகூட இரண்டாவது ஆளிடம் கேட்டதில்லை. அது நினைவுக்கு வந்ததும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவரருகே போனேன்.

“பாட்டி, ஒரு தவறு செய்துவிட்டேன்” என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

பாட்டி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இடக்கையால் என் தலையைத் தடவினார். “உன் அம்மாவுக்கு மூன்று வயது இருக்கும்போது கடுமையான காய்ச்சல் வந்தது. எட்டு நாள் கண் திறக்கவில்லை. பிள்ளை பிழைத்தால் இனிப் புலால் தொடமாட்டேன் என்று முருகனிடம் சொன்னேன். பிழைத்துவிட்டாள். நாற்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது” என்றார். அந்தக் கதையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றிரவு பாட்டி தயிர்ச்சோறுதான் சாப்பிட்டார். நாங்கள் கேசரோலைச் சாப்பிட்டோம். மக்சிக் வீட்டுக்கும் ஒரு தட்டு போனது. உண்மையைச் சொன்னால், பார்லி சரியாக வேகவில்லை. பல்லில் நறநறவென்று கடிபட்டது. பாட்டி எங்கள் தட்டுகளை எட்டிப் பார்த்து, “நிறம் நன்றாக இருக்கிறது. அடுத்த முறை எனக்கும் சேர்த்து வை” என்றார்.

மறுநாள் பாட்டியும் நானும் பேரங்காடிக்குச் சென்றோம். குளிர்பதனப் பெட்டியின் முன்னால் நின்று ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பினேன். ஆங்கிலத்தில் இருப்பதைப் படிப்பது எளிது. அதைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் சொல்வதுதான் கடினம் என்று அன்று தெரிந்தது. ஒரு பொட்டலத்தில் இருந்ததை ‘நுண்ணுயிர் ரென்னெட்’ என்று மொழிபெயர்த்தேன்.

“அப்படியென்றால்?”

“கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர், பாட்டி. ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து, அதிலிருந்து பாலை உறைய வைக்கும் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். கன்றுக்குட்டி தேவையில்லை.”

“தயிர் உறைவதும் இட்லி மாவு புளிப்பதும் அந்த மாதிரி உயிர்களால்தானே? அப்படியானால் எனக்குச் சம்மதம்” என்றார் பாட்டி. அந்தப் பொட்டலத்தில் ‘சைவ உணவினருக்கு ஏற்றது’ என்ற குறிப்பும் இருந்தது. அதையும் படித்துக் காட்டினேன்.

இரண்டாம் முறை சமைத்தபோது பார்லியை முதல்நாள் இரவே ஊறவைத்தேன். பாட்டி நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு அமர்ந்துகொண்டார். “மாவின் பச்சை வாசனை போகட்டும். அடுப்பைக் குறை. இப்போது பாலை ஊற்று. ஒரேயடியாகக் கொட்டாதே!” அவருக்கு அந்த உணவைத் தெரியாது, ஆனால், அடுப்பைத் தெரியும். சீரகமும் பச்சை மிளகாயும் அவர் யோசனைதான்.

தட்டில் வைத்ததை இடக்கையில் கரண்டி பிடித்து மெதுவாகச் சாப்பிட்டார். நாங்கள் நால்வரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார். எங்கள் முகம் விழுந்தது. “பாலாடைக்கட்டியிலேயே உப்பு இருக்கும்போல. அடுத்த முறை குறைத்துப் போடு” என்று சொல்லிக்கொண்டே தட்டை என் பக்கம் மீண்டும் நீட்டினார்.

பாட்டியின் மாவுக்கட்டைப் பிரித்து இப்போது சில மாதங்களாகிவிட்டன. சமையல் மறுபடியும் அவர் கைக்குப் போய்விட்டது. ஆனால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. எங்கள் வீட்டுக்கு எந்தப் பொட்டலம் வந்தாலும் அது முதலில் பின்பக்கமாகத்தான் திரும்பும். அக்காவும் திருப்பிப் பார்க்கிறாள்.

செய்முறை: பழுப்பரிசி, பார்லி கேசரோல் (5 பேருக்கு)

தேவையான பொருள்கள்

• பழுப்பரிசி – 100 கிராம்
• பார்லி – 100 கிராம்
• வேகவைத்த கொண்டைக்கடலை – 240 கிராம்
• பசலைக்கீரை – 150 கிராம்
• கேரட் – 1
• சிவப்புக் குடைமிளகாய் – 1
• வெங்காயம் – 1
• பூண்டு – 3 பல்
• பச்சை மிளகாய் – 1
• சீரகம் – 1 தேக்கரண்டி
• வெண்ணெய் – 40 கிராம்
• கோதுமை மாவு – 3 மேசைக்கரண்டி
• பால் – 500 மில்லிலிட்டர்
• சைவ உணவினருக்கு ஏற்ற செடார் பாலாடைக்கட்டி – 150 கிராம்
• ரொட்டித்தூள் – 2 மேசைக்கரண்டி
• எண்ணெய், மிளகுத்தூள், உப்பு – தேவையான அளவு

செய்யும் முறை

1. அரிசியையும் பார்லியையும் கழுவி, முதல்நாள் இரவே ஊறவைக்கவும். நீரை வடித்துவிட்டு, ஏறக்குறைய 600 மில்லிலிட்டர் புதிய நீர் ஊற்றிச் சோறு வேகவைக்கும் மின்கலனில் வேகவைக்கவும். ஒரு பார்லியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கவும். நடுவில் கடினமாக இருந்தால் சிறிது நீர் தெளித்து மேலும் வேகவைக்கவும்.

2. ஓவனை 180 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கவும்.

3. வாணலியில் எண்ணெய் ஊற்றிச் சீரகத்தைப் பொரியவிடவும். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் ஆகியவற்றை வதக்கவும். பொடியாக நறுக்கிய கேரட்டையும் குடைமிளகாயையும் சேர்த்து ஐந்து நிமிடம் வதக்கவும். இறுதியில் கீரையைப் போடவும். கீரை விடும் நீர் வற்றும்வரை வாணலியை இறக்க வேண்டாம். நீர் மிஞ்சினால் கேசரோல் குழைந்துவிடும்.

4. மற்றொரு பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மாவைப் போட்டு இளந்தீயில் இரண்டு நிமிடம் கிளறவும். பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குச் சாஸ் கெட்டியானதும் அடுப்பை அணைக்கவும்.

5. துருவிய பாலாடைக்கட்டியில் 100 கிராமைச் சாஸில் கலக்கவும். மிளகுத்தூள் சேர்க்கவும். சுவைத்துப் பார்த்த பிறகே உப்புப் போடவும்.

6. தானியம், காய்கறி, கொண்டைக்கடலை, சாஸ் ஆகியவற்றை ஓவனில் வைக்கத்தக்க பாத்திரத்தில் கலந்து சமப்படுத்தவும். மீதமுள்ள 50 கிராம் பாலாடைக்கட்டியையும் ரொட்டித்தூளையும் மேலே தூவவும்.

7. மேற்பரப்பு பொன்னிறமாகும்வரை 25 முதல் 30 நிமிடம் வைக்கவும். தடித்த கையுறை அணிந்து வெளியே எடுக்கவும். பத்து நிமிடம் ஆறவிட்டால் சாஸ் இறுகி, எடுத்துப் பரிமாற எளிதாக இருக்கும்.

மீந்துபோனால் இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். வெந்த அரிசியை அறை வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் அதில் பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாமல் இருக்கலாம்.

தெரிந்துகொள்வோம்

பாலாடைக்கட்டி எப்படி உருவாகிறது?

பாலில் கேசீன் என்னும் புரதம் மிதந்துகொண்டிருக்கிறது. ரென்னெட்டிலுள்ள நொதி, கேசீன் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கிறது. பால் கட்டியாகித் திரள்கிறது. திரளிலிருந்து நீரை வடித்து, உப்பிட்டு, பதப்படுத்தினால் பாலாடைக்கட்டி கிடைக்கும். ஒரு கிலோகிராம் செடார் செய்ய ஏறக்குறைய பத்து லிட்டர் பால் தேவை. பால் குடிக்கும் கன்றின் நான்காம் இரைப்பை அறையில் இந்த நொதி இயற்கையாகவே சுரக்கிறது. இன்று பூஞ்சணங்களிலிருந்தும் வேறு நுண்ணுயிர்களிலிருந்தும் அத்தகைய நொதிகளைப் பெறுகிறார்கள். பன்னீர் செய்ய ரென்னெட் வேண்டியதில்லை. கொதித்த பாலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தாலே பால் திரிந்துவிடும். ஆனால், பன்னீர் சூட்டில் உருகாது. எனவே, கேசரோலின் மேல் தூவுவதற்கு அது பொருந்தாது.

ஹலால் முத்திரையும் சைவக் குறிப்பும் வேறு வேறு. ஹலால் முறைப்படி அறுக்கப்பட்ட கன்றிலிருந்து பெற்ற ரென்னெட்டும் பாலாடைக்கட்டியில் இருக்கலாம். எனவே, சைவ உணவினர் சேர்மானப் பட்டியலையும் படிக்க வேண்டும்.

மேற்பரப்பு ஏன் பொன்னிறமாகிறது?

சூடு ஏறும்போது உணவிலுள்ள புரதக் கூறுகளும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து புதிய நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமில் மையார் 1912ஆம் ஆண்டில் இந்த வினையை விளக்கினார். அவர் பெயராலேயே அது மையார் வினை என்று வழங்குகிறது. தோசை முறுகுவதும் ரொட்டி சிவப்பதும் இதே வினையால்தான்.

தட்டில் எவ்வளவு?

சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் ஆரோக்கியத் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு முழுத்தானியமும், கால்பங்கு புரத உணவும் இடம்பெறும். இந்தக் கேசரோலில் தானியமும் புரதமும் இருக்கின்றன. அதே தட்டில் வெள்ளரிக்காய், தக்காளி, பழத்துண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் தட்டு நிறைவுபெறும்.

சொற்பொருள்

மாவுக்கட்டு – முறிந்த எலும்பு அசையாமலிருக்கப் போடும் கெட்டியான கட்டு
புலால் – இறைச்சி, மீன் முதலிய உணவு
வயிற்றைக் கலக்குதல் – அச்சமோ பதற்றமோ அடைதல்
முகம் விழுதல் – ஏமாற்றத்தால் முகம் வாடுதல்
தூக்கல் – அளவுக்குச் சற்று அதிகம்
பூஞ்சணம் – ஈரமான இடத்தில் படரும் நுண்ணிய உயிரி
நொதி – உயிரினங்களில் வேதி வினையை விரைவுபடுத்தும் பொருள்
சேர்மானம் – ஓர் உணவில் கலந்துள்ள பொருள்கள்

கருத்தறிதல் வினாக்கள்

1. பாட்டி காப்பிக்கடை உணவை உண்ணத் தயங்கியதற்குக் காரணம் என்ன?
2. மக்சிக் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்த்ததற்கும், கதைசொல்லி அதைப் பார்க்க வேண்டியிருந்ததற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. அக்கா கூறிய யோசனை எத்தகைய எண்ணத்திலிருந்து பிறந்தது? அதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? காரணம் கூறுக.
4. கதைசொல்லி உண்மையைச் சொல்ல முடிவெடுக்க உதவிய நினைவு எது?
5. “அவருக்கு அந்த உணவைத் தெரியாது, ஆனால், அடுப்பைத் தெரியும்.” இத்தொடரின் பொருளை உங்கள் சொந்த நடையில் எழுதுக.
6. பாட்டி “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்று சொல்லிக்கொண்டே தட்டை மீண்டும் நீட்டியது எதைக் காட்டுகிறது?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டிலுள்ள உணவுப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சேர்மானப் பட்டியலை ஆங்கிலம் அறியாத ஒரு பெரியவருக்குத் தமிழில் விளக்குங்கள். எந்தச் சொற்களை விளக்கச் சிரமப்பட்டீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை 80 சொற்களில் எழுதி வகுப்பில் பகிர்ந்துகொள்ளுங்கள்.